ஐந்தடிக்காரருக்கு ஒரு ஹிமாலயன்: வீட்டில் தாழ்த்திய வண்டி பற்றிய நிகழ்வு ஆய்வு

நாங்குநேரி வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணின் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் மோட்டார் சைக்கிள் இது. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், ஊர், வண்டி எண் எதுவும் இதில் வராது. பாளையங்கோட்டையில் நான் பட்டறை வைத்திருப்பதால் கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்தது. உயரமான வண்டியைக் குட்டையானவர்களுக்காகத் தாழ்த்தும் வேலை இப்போது நிறைய வீடுகளில் நடக்கிறது. ஸ்பேனர் செட்டும் ஒரு ஜாக்கியும் இருந்தால் போதும் என்று இறங்கிவிடுகிறார்கள். கால் தரையைத் தொட்டதும் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். இந்த வண்டியில் அதற்கப்புறம் என்னென்ன நடந்தது என்பதை வரிசையாகப் பதிவு செய்கிறேன்.

பின்னணி

ஓட்டுபவருக்கு வயது 29. உதவி வேளாண்மை அலுவலர். களக்காடு, திருக்குறுங்குடி, ஏர்வாடிப் பக்கம் வாழைத் தோட்டங்களைப் பார்ப்பது அவர் வேலை. அதுவரை ஸ்கூட்டரில்தான் போய்வந்தார். மழைக்காலத்தில் குளத்துக்கரைப் பாதையில் சின்னச் சக்கரம் சேற்றில் இழுத்துக்கொண்டு போகும். இரண்டு முறை வரப்புக்குள் இறங்கியிருக்கிறார். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன அண்ணன் விட்டுச்சென்ற ஹிமாலயன் 411, வீட்டுத் தாழ்வாரத்தில் தார்ப்பாய் மூடி நின்றது. அதையே ஓட்டலாம் என்று முடிவு செய்தார்.

அந்த வண்டிக்குக் கம்பெனி கொடுத்த கணக்கு இது: சீட்டு உயரம் 800 மி.மீ., தரை இடைவெளி 220 மி.மீ., முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய்) அசைவு, அதாவது சக்கரம் மேலும் கீழும் போகும் தூரம், 200 மி.மீ., பின்சக்கர அசைவு 180 மி.மீ., எடை 199 கிலோ. பின்பக்கம் ஸ்பிரிங்கோடு ஒரே ஷாக் (அதிர்வு தாங்கி), லிங்க் என்ற இணைப்புத் தகடுகள் வழியாக, பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மோடு சேர்ந்தது.

ஓட்டுபவரின் உயரம் 154 செ.மீ., எடை 50 கிலோ. இதற்கெல்லாம் ஆளின் உயரத்தைவிடக் கால் உள்ளளவுதான் முக்கியம். வெறுங்காலோடு சுவரில் முதுகு சாய்த்து நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவில் மேலே இறுக்கிப் பிடித்து, புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். அவருக்கு 69 செ.மீ. வந்தது. ஆனால் இந்த அளவை எடுத்ததே என் பட்டறைக்கு வந்த பிறகுதான். வீட்டில் யாரும் எதையும் அளக்கவில்லை.

வீட்டில் நடந்த வேலை

வேலையைச் செய்தவர் அவருடைய அத்தான், அதாவது அத்தை மகன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவர், கை நல்ல கை. லிங்கை மாற்றினால் பின்பக்கம் இறங்கும் என்று வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டு, தெரிந்த லேத்தில் சாதா இரும்புத் தகட்டில் இரண்டு லிங்க் தகடு வெட்டி வாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் மாட்டிவிட்டார். முன்பக்கத்தை அவர் தொடவில்லை. ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் க்ளாம்பைத் தளர்த்தினால் ஹேண்டில்பார் கோணிவிடும் என்று பயம்.

உட்கார்ந்து பார்த்ததும் இரண்டு கால் நுனியும் தரையைத் தொட்டன. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ‘கால் எட்டிருச்சுல்லா, இனி என்ன வேணும்?’ என்று அவருடைய அம்மா கேட்டாராம்.

அடுத்த சில வாரங்களில் சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் தெரிய ஆரம்பித்தன. இரவில் எதிரே வரும் பஸ்காரர்கள் விளக்கை அடித்து அடித்துக் காட்டினார்கள். நாற்கரச் சாலையில் எழுபதுக்கு மேல் போனால் முன்சக்கரம் லேசாக மிதப்பதுபோல் இருந்தது. அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வேகத்தடையில் ஏறினால் பின்னாலிருந்து ‘சர்ர்’ என்று ஒரு சத்தம். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோளாறாக நினைத்ததால் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பணகுடியில் வண்டி சாய்ந்தது

ஆடி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்று பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் பக்கத்தை உலுக்கிக்கொண்டிருந்த சமயம். பணகுடியில் ஒரு வேலையை முடித்துவிட்டு வடக்கே வீட்டுக்குத் திரும்பும் வழியில், சாலையின் இடப்பக்கம் டீக்கடைக்கு எதிரே வண்டியைச் சைடு ஸ்டாண்டில் நிறுத்தினார். டீ கையில் வந்து சேரும் முன்பே வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. பிரேக் லிவர் வளைந்தது, வலது இண்டிகேட்டர் உடைந்தது, டேங்கில் நல்ல நசுங்கல். நல்லவேளை, அந்தப் பக்கம் யாரும் நிற்கவில்லை.

‘நாந்தான் ஸ்டாண்ட சரியாப் போடல போல, அண்ணாச்சி’ என்றுதான் என்னிடம் சொன்னார். லிவர் மாற்றவும் டேங்கை நிமிர்த்தவும்தான் வந்திருந்தார்.

திசையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சைடு ஸ்டாண்டு இடப்பக்கம் இருக்கிறது. வடக்கு நோக்கி நிறுத்தினால் இடப்பக்கம் மேற்கு. மேற்கிலிருந்து வரும் காற்று வண்டியை ஸ்டாண்டிலிருந்து விலக்கி வலப்பக்கமாகத் தள்ளும். தெற்கு நோக்கி நிறுத்தியிருந்தால் அதே காற்று ஸ்டாண்டின் மேலேயே அழுத்தியிருக்கும். இது எந்த வண்டிக்கும் பொருந்தும். ஆனால் கம்பெனி நிலையில் இருக்கும் ஹிமாலயன் ஸ்டாண்டில் நன்றாகவே சாய்ந்து நிற்பதால் சாதாரணக் காற்றுக்கு அசையாது. இந்த வண்டி சாயாமல் நிமிர்ந்து நின்றதுதான் பிரச்சினை.

பட்டறையில் கண்டவை

அதே மாடல் வண்டி ஒன்று சர்வீசுக்கு வந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, கைப்பேசியின் கோண அளவியை வைத்துப் பார்த்தோம். மாற்றாத வண்டி ஸ்டாண்டில் 11 பாகை சாய்ந்து நின்றது. இவருடையது 5 பாகைதான். வண்டி இறங்கிவிட்டது, ஸ்டாண்டின் நீளம் அப்படியே இருக்கிறது. அதனால் ஸ்டாண்டு வண்டியை நிமிர்த்திப் பிடித்திருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்த நிமிர்ந்த நிலை ஓட்டுபவருக்குப் பிடித்திருந்தது. கிட்டத்தட்ட 200 கிலோ வண்டியைச் சாய்விலிருந்து தூக்கி நிறுத்துவது குட்டையானவர்களுக்குச் சிரமம். நிமிர்ந்து நின்றால் சுலபம். ஆபத்தான ஒன்று வசதி மாதிரித் தெரிந்திருக்கிறது.

பின் அச்சிலிருந்து மேலே வாலில் ஒரு குறி வரை இரண்டு வண்டியிலும் அளந்தோம். இவருடைய வண்டியின் பின்பக்கம் 55 மி.மீ. இறங்கியிருந்தது. ஆனால் சீட்டு இறங்கியது 38 மி.மீ.தான். சீட்டு இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருப்பதால் பின்பக்கம் மட்டும் இறங்கினால் சீட்டுக்கு முழுப்பலன் கிடைக்காது. அதற்குக் கொடுத்த விலை அதிகம். சக்கர இடைவெளி 1465 மி.மீ. அதில் 55 மி.மீ. பின்னால் இறங்கினால் வண்டி முழுதும் இரண்டு பாகைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பின்னால் சாய்கிறது. ஃபோர்க் அந்த அளவுக்குப் படுக்கிறது, முன்சக்கரத்தில் பாரம் குறைகிறது, ஹேண்டில் மந்தமாகிறது. நாற்கரச் சாலையில் மிதந்ததற்கு இதுதான் காரணம். முகப்பு விளக்கும் அதே இரண்டு பாகை மேலே பார்க்கிறது. கணக்குப் போட்டால் 25 மீட்டர் தூரத்தில் ஒளி ஏறக்குறைய 90 செ.மீ. உயர்ந்துவிடும். பஸ்காரர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

‘சர்ர்’ சத்தத்துக்கு வருவோம். பின் மட்கார்டின் உள்பக்கத்தில் டயர் உரசிய தடம் இருந்தது. வால் விளக்குக்குப் போகும் ஒயரின் மேலுறை ஓரிடத்தில் தேய்ந்து செம்பு தெரிந்தது. லிங்க் மாற்றித் தாழ்த்தினால் சஸ்பென்ஷன் அசைவு குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். ஷாக்கையே குட்டையாக்கினால் அப்படித்தான். லிங்க் மாற்றும்போது ஷாக் பழைய ஷாக்தான், அசைவும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அந்த முழு அசைவும் மேலே இடம்பெயர்கிறது. முழுதாக அமுங்கும்போது சக்கரம் முன்பு போகாத உயரத்துக்குப் போய் மட்கார்டைத் தொடுகிறது. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் காப்புத் தகடும் அதே கணக்கில் தரையை நெருங்குகிறது.

லிங்க் தகடுகளைக் கழற்றிப் பார்த்ததும் எனக்கு உண்மையான பயம் வந்தது. இரண்டு தகட்டிலும் துளைகளைத் தனித்தனியாகப் போட்டிருந்தார்கள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் துளைகள் சரியாகப் பொருந்தவில்லை. ஒரு துளை நீள்வட்டமாக இழுபட ஆரம்பித்திருந்தது. உதறலில் கழறாமல் பிடிக்கும் நைலான் நட்டைப் புதிதாகப் போடாமல், போல்ட்டில் பழையதையே திரும்பப் போட்டிருந்தார்கள். களக்காட்டிலிருந்து மலையடிவாரம் போகும் பாதையில் இது முறிந்திருந்தால் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

கடைசியாக ஷாக்கின் ஸ்பிரிங் இறுக்கம். யாரும் பார்க்காமல் விட்ட இடம் இது. ஓட்டுபவர் ஏறினால் வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்று பார்ப்பதற்காக, அத்தானின் தகடுகளை எடுத்துவிட்டுப் பழைய லிங்கை மாட்டினோம். பின்சக்கரம் காற்றில் தொங்கும்போது ஓர் அளவு, ஓட்டுபவர் முழு உடுப்போடு ஏறி உட்கார்ந்ததும் ஓர் அளவு. வித்தியாசம் 30 மி.மீ. அசைவு 180 மி.மீ. உள்ள வண்டிக்கு இது ரொம்பக் குறைவு. கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அமுங்கினால்தான் சரியாக இருக்கும். அண்ணன் எண்பது கிலோவுக்கு மேல் இருப்பவர். பின்னால் ஆளையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போவதற்காக, ஷாக்கின் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் வளையத்தை இறுக்கி வைத்திருந்தார். 50 கிலோ ஆளுக்கு அந்த ஸ்பிரிங் அமுங்கவே மறுக்கிறது. குட்டையானவர்கள் பெரும்பாலும் எடையும் குறைவாக இருப்பதால், உயரமான வண்டி அவர்களுக்கு இன்னும் உயரமாகத்தான் நிற்கும்.

எடுத்த முடிவுகள்

மூன்று வழிகளைப் பேசினோம். எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டு, சீட்டை மட்டும் குறைப்பது ஒன்று. 55 மி.மீ. தாழ்வை அப்படியே வைத்துக்கொண்டு முன்பக்கத்தையும் அதே அளவு இறக்குவது இன்னொன்று. அத்தானுக்கு இரண்டாவதில்தான் விருப்பம். டயர் மட்கார்டைத் தொடும் தாழ்வை எப்படியும் வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லி மறுத்தேன். வண்டியை விற்றுவிட்டுச் சின்ன வண்டி வாங்கலாம் என்பதை நான்தான் சொன்னேன். ‘அண்ணன் வண்டி, விக்க மாட்டேன்’ என்றார். சரி, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கடைசியில் பணத்துக்கும் பாதுகாப்புக்கும் பொருந்துகிற வரிசை ஒன்றை வைத்துக்கொண்டோம். முதலில் ஸ்பிரிங் இறுக்கம், அப்புறம் சீட்டு, அதன்பிறகும் போதாவிட்டால்தான் முன்னும் பின்னும் சமமாகக் கொஞ்சம் தாழ்த்துவது. 25 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்பது என் நிபந்தனை.

இரண்டு உள்ளங்காலும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும் என்று அவர் கேட்டார். அது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். நிற்கும்போது இடுப்பைக் கொஞ்சம் நகர்த்தி இடது பாதம் பதிந்தால் போதும், வலது கால் பிரேக்கில் இருக்கட்டும். ஆனால் நம் கிராமத்துச் சாலையில் ஒரு சிக்கல் உண்டு. நடுவில் மேடு, ஓரம் சரிவு, அதற்கும் அப்பால் மண் ஒரு சாண் பள்ளத்தில் கிடக்கும். இடப்பக்கம் ஒதுங்கி நிறுத்தினால் இடது கால்தான் பள்ளத்தைத் தேடிப் போக வேண்டும். தார் விளிம்பிலிருந்து தள்ளியே நிற்பது என்று ஒரு பழக்கம் வந்தால் அது எந்த லிங்கையும்விடப் பலன் தரும்.

வேலை நடந்த விதம்

கொக்கி ஸ்பேனரால் வளையத்தைத் தளர்த்தியதில், அவர் உட்கார்ந்தால் அமுங்கும் அளவு 30-லிருந்து 46 மி.மீ.க்கு வந்தது. வளையத்தைத் தளர்த்தினால் ஸ்பிரிங் மென்மையாகாது. அதன் விறைப்பு அப்படியே இருக்கும், வண்டி நிற்கும் உயரம்தான் மாறும். ‘ஷாக்கை சாஃப்ட் பண்ணியாச்சு’ என்று பட்டறைகளில் சொல்வது வாய்ப்பேச்சு.

சீட்டை வண்ணார்பேட்டையில் ஒரு சீட் கவர் கடையில் கொடுத்தோம். உயரத்தை 20 மி.மீ. குறைத்ததைவிட, முன்பகுதியின் இரண்டு ஓரங்களையும் சீவி ஒடுக்கியதுதான் பெரிய உதவி. அகலமான சீட்டில் கால் வெளிப்பக்கமாக விரிந்து போய்விடும். ஒடுக்கினால் நேராகக் கீழே இறங்கும். ஃபோமை அதற்கு மேல் வெட்டினால் ஒரு மணி நேரத்தில் அடித்தட்டு குத்தும் என்று கடைக்காரர் சொன்னதால் அங்கேயே நிறுத்திக்கொண்டோம்.

இது இரண்டோடு ஓட்டிப் பார்த்தார். கால் நுனி தொட்டது, ஆனால் சேற்றில் தயக்கம் இருந்தது. அதனால் கடைசிப் படிக்கும் போனோம்.

துணைக்கருவி செய்கிறவர்கள் தயாராக விற்கும், பின்பக்கத்தை 25 மி.மீ. இறக்கும் லிங்க் வாங்கினோம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்துக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, ஷாக்கில் பாரம் இல்லாத நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் போல்ட்டை எடுக்க வேண்டும். போல்ட் கையாலேயே வழுக்கி வந்தால் பாரம் இல்லை என்று அர்த்தம். சுத்தியல் கேட்டால் ஜாக்கியை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். பேரிங்குகளைத் துடைத்துப் புது கிரீஸ், புது நைலான் நட்டு, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கு.

முன்பக்கம் ஃபோர்க் பைப்புகளை க்ளாம்புக்குள் மேலே 25 மி.மீ. ஏற்றினோம். ஃபோர்க் சாய்வாக இருப்பதால் வண்டி நேராக இறங்குவது அதைவிடக் கொஞ்சம் குறைவு, 22 அல்லது 23 மி.மீ. வரும். இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று காலிப்பரால் சரிபார்த்தோம். ஒரு பைப்பில் ஜிப் டை ஒன்றைக் கட்டி, குண்டுங்குழியில் ஓட்டி, அது எவ்வளவு மேலே தள்ளப்பட்டிருக்கிறது என்று பார்த்தோம். சக்கரம் எதிலும் முட்ட இடமில்லை என்று உறுதியான பிறகுதான் ஹேண்டிலை முழுக்கத் திருப்பி ஒயர், கேபிள் இழுபடுகிறதா என்று பார்த்து முடித்தோம்.

ஸ்டாண்டை வண்டியிலிருந்து கழற்றி எடுத்துத்தான் வெல்டிங்குக்குக் கொடுத்தோம். வண்டியில் வைத்தே வெல்டிங் செய்தால் ஸ்டாண்டு சுவிட்சும் மின்சாதனங்களும் பாழாகலாம். அடிப்பாதத்துக்கு மேலே குழாயில் 20 மி.மீ. வெட்டி, பாதம் தரையில் பதியும் கோணத்தைச் சரிசெய்து ஒட்டியாயிற்று. சாய்வு 10 பாகை வந்தது. 11 வரை கொண்டுபோகாமல் விட்டது தெரிந்தே செய்தது. அவர் தூக்கி நிறுத்தவும் முடிய வேண்டும்.

சென்டர் ஸ்டாண்டைத் தொடவில்லை. தாழ்ந்த வண்டியை அதில் ஏற்ற அதிக பலம் வேண்டும். பின்சக்கரத்தை ஒரு பலகைத் துண்டின் மேல் ஏற்றிவிட்டு இழுத்தால் பழையபடி ஏறும், அவ்வளவுதான். செயினைப் பொறுத்தவரை, தாழ்த்திய வண்டியில் கையேட்டு அளவை அப்படியே நம்பக்கூடாது. முன் பல்சக்கரம், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்படி பின்பக்கத்தை அமுக்கி, அந்த நிலையில் செயின் விறைக்காமல் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்று பார்த்தோம். செயின் மிக இறுகும் நிலை அதுதான். விளக்கை இரவில் சுவரில் அடித்துப் பார்த்துச் சரிசெய்தோம். தேய்ந்த ஒயரை மாற்றி, மட்கார்டிலிருந்து தள்ளிக் கட்டினோம்.

ஆவண விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. பதிவுச் சான்றில் சீட்டு உயரம் என்று ஒரு கட்டம் கிடையாது. ஆனாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றங்களை எழுதிக் கொடுத்து நகல் வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். கொடுத்துவிட்டார்.

அதன்பிறகு

அளவுகள் இப்படி வந்தன. மாற்றம் எதுவும் இல்லாத வண்டியில், அண்ணன் வைத்த இறுக்கத்தோடு, அவர் உட்கார்ந்தால் சீட்டு தரையிலிருந்து ஏறக்குறைய 773 மி.மீ. உயரத்தில் நின்றது. இப்போது 715. மொத்தம் 58 மி.மீ. இறக்கம். இதில் லிங்கும் ஃபோர்க்கும் கொடுத்தது 24 மி.மீ.தான். மீதி 34 மி.மீ. வளையத்தைத் தளர்த்தியதிலும் சீட்டைச் சீவியதிலும் வந்தது. கெட்டி அடியுள்ள பூட்ஸ் வாங்கியதில் காலுக்கு இன்னும் 3 செ.மீ. கிடைத்தது.

வடகிழக்குப் பருவமழை முழுக்க இந்த வண்டியில்தான் தோட்டங்களுக்குப் போனார். ஒருமுறை சேற்றில் நின்றுகொண்டே சாய்ந்தது. அதைக் காலால் தாங்கிவிட்டார். மட்கார்டு உரசல் இல்லை. நாற்கரச் சாலையில் மிதப்பு போய்விட்டது. குறுக்குக்காற்றில் எந்த வண்டியும் தள்ளும், அந்த அளவுக்குத் தள்ளுகிறது. டேங்கில் எப்போதும் பாதி பெட்ரோல்தான் போடுகிறார். 15 லிட்டர் டேங்க் நிரம்பினால் உச்சியில் மட்டும் 11 கிலோ ஏறிவிடும்.

இழப்பும் இருக்கிறது. தரை இடைவெளி 220-லிருந்து 197 மி.மீ. ஆகிவிட்டதால், திருக்குறுங்குடிப் பக்கம் ஒரு ஓடைக் கற்பாதையில் அடித்தகடு கல்லில் மோதியிருக்கிறது. அந்தப் பாதையை இப்போது சுற்றிப் போகிறார். அம்மாவை ஏற்றும்போது வளையத்தை இறுக்க வேண்டும். அது பிடிக்காத வேலை என்பதால் அம்மா பஸ்ஸில்தான் போகிறார்.

அடுத்த வண்டியில் மாற்றப்போவது

இதே வேலை திரும்ப வந்தால் வளையமும் சீட்டும் முடிந்த பிறகு ஒரு மாதமாவது ஓட்டவிட்டுத்தான் லிங்கைப் பற்றிப் பேசுவேன். இவருக்குச் சேற்றில் இருந்த தயக்கத்தில் எவ்வளவு உயரத்தால் வந்தது, எவ்வளவு பழகாத வண்டி என்பதால் வந்தது என்று பிரித்துப் பார்க்க அவகாசம் இல்லை. பருவமழை நெருங்கிக்கொண்டிருந்தது. வண்டி தெரிந்த கையென்றால் அந்த 24 மி.மீ. தேவைப்படாமலும் போயிருக்கலாம்.

வீட்டிலேயே செய்பவர்கள் வளையம், சீட்டு, ஃபோர்க் மூன்றையும் பொறுமையாகச் செய்யலாம். அத்தானும் அதைச் செய்திருக்கக்கூடியவர்தான். லிங்க் தகட்டை மட்டும் தெரு லேத்தில் வெட்டக்கூடாது. துளைகள் ஒன்றுக்கொன்று இணையாக வரவும் இரும்பு தாங்கவும் யாரும் அங்கே உத்தரவாதம் தர முடியாது. அப்புறம் தகடு நீண்டால் வண்டி இறங்கும் என்பதும் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. சில வண்டிகளின் அமைப்பில் அது தலைகீழ்.

பழைய லிங்க், பழைய நட்டு போல்ட், ஸ்டாண்டில் வெட்டியெடுத்த துண்டு எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு, அளவுகளை எழுதிய காகிதத்தோடு அவரிடம் கொடுத்திருக்கிறேன். அண்ணன் அடுத்த விடுமுறைக்கு வரும்போது ஓட்டக் கேட்பார். 50 கிலோவுக்கு வைத்த ஸ்பிரிங் இறுக்கத்தில் எண்பது கிலோ ஆள் ஏறி, பின்னால் இன்னொருவரும் ஏறினால் டயர் மறுபடியும் மட்கார்டுக்குப் பக்கத்தில் போகும். வளையத்தை எத்தனை படி இறுக்க வேண்டும் என்பதை அந்தக் காகிதத்தின் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன்.